வாழை எந்தப் பக்கம் சாய்ந்தது? திருவையாற்றுச் சூறைக்காற்றும் காரைக்கால் ரேடாரும்

படுகைவாழை (திருவையாறு)

போன வியாழன் சாயங்காலம் நாலரை மணி இருக்கும், மேற்கே கருக்கிட்டது. கோடை மழைதானே, வரட்டும் என்று மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். முதலில் மண்வாசனையோடு ஒரு குளிர்ந்த காற்று. அடுத்த நிமிடமே கொட்டகைத் தகரம் ஒன்று பிய்ந்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. எல்லாம் சேர்த்து ஏழெட்டு நிமிடம்தான். மழை விட்ட பிறகு போய்ப் பார்த்தால் ஒன்றேகால் ஏக்கர் பூவன் படுத்துக் கிடக்கிறது. தார் விட்டு இன்னும் இருபது நாளில் வெட்ட வேண்டிய மரங்கள். சவுக்கு முட்டு கொடுத்திருந்தேன், முட்டோடு சேர்ந்து சாய்ந்திருக்கிறது. இரண்டு வரப்பு தள்ளிப் பங்காளி தோப்பில் ஒரு இலை கூடக் கிழியவில்லை.

ராத்திரிக்குள் வாட்ஸ்அப்பில் "திருவையாற்றில் டொர்னாடோ" என்று ஓட ஆரம்பித்துவிட்டது, கூடவே ஏதோ அமெரிக்க வீடியோ. அக்கா மகன் அதைப் பார்த்துவிட்டு, அங்கெல்லாம் லாரியில் ரேடார் ஏற்றிக்கொண்டு, ட்ரோன் பறக்கவிட்டு ஆராய்கிறார்கள் மாமா என்கிறான். எனக்கு இரண்டு கேள்வி. வந்தது டொர்னாடோ என்கிற அந்தச் சுழல்காற்றுதானா? காரைக்காலில் இவ்வளவு பெரிய வானிலை ரேடார் இருக்கிறதே, அதன் கண்ணில் இது ஏன் படவில்லை? நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்தவர் சேதம் 33 சதவீதம் தாண்டுமா என்று மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார். காற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ராப்பாடி (மயிலாடுதுறை)

எல்லாம் பங்காளி வைத்த சூனியம் அண்ணே. அவர் தோப்பு மட்டும் தப்பித்ததே, கவனித்தீர்களா?

கொண்டல் (வேதாரண்யம்)

சுழல்காற்று என்றால் என்ன என்று கடலில் பார்த்தவன் சொல்கிறேன். கோடியக்கரைக்குத் தெற்கே வலை போட்டிருந்தபோது, கருமேகத்தின் அடியிலிருந்து யானைத் துதிக்கை மாதிரி ஒன்று இறங்கியது. கீழே கடல் அரிசி உலை போலக் கொதித்தது. எங்கள் ஆட்கள் மேகம் தண்ணீர் குடிக்கிறது என்பார்கள். அரை மணிக்குள் கரைந்து போனது. அதற்குச் சத்தம் உண்டு, உருவம் உண்டு. உங்கள் தோப்பில் துதிக்கை மாதிரி எதையாவது யாராவது பார்த்தார்களா தம்பி? இல்லை என்றால் வெறும் சூறைக்காற்றுதான்.

எதிரொலி (கும்பகோணம்)

கொண்டல் ஐயா கேட்டது சரியான கேள்வி. ஆனால் பார்க்கவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. கொட்டும் மழைக்குள் ஒளிந்து வரும் டொர்னாடோவும் உண்டு. நான் வளிமண்டல அறிவியல் முதுகலை படித்தவள், இப்போது வேறு வேலை, ரேடார் படம் பார்க்கிற பைத்தியம் மட்டும் தெளியவில்லை.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். நம் பத்திரிகைகள் கஜா புயலையும் சூறாவளி என்கின்றன, டொர்னாடோவையும் சூறாவளி என்கின்றன. புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், நாள்கணக்கில் வாழும். டொர்னாடோ பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலம், நிமிடக்கணக்கில் முடியும். நம் நாட்டில் அதிகம் வருவது வங்காளம், ஒடிசா பக்கம். 2024 மார்ச் 31 அன்று ஜல்பைகுரி மாவட்டத்து மைனாகுரியில் வந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். வங்கதேசத்தில் 1989 ஏப்ரலில் வந்த ஒன்றில் ஆயிரத்துக்கு மேல் இறந்தார்கள்.

டெல்டாவில் சித்திரை, வைகாசியில் வாழையைச் சாய்ப்பது பெரும்பாலும் வேறு ஆள். இடிமேகத்தின் நடு உயரத்தில் காய்ந்த காற்று இருந்தால், மழைத்துளி ஆவியாகி அந்தக் காற்றைக் குளிர வைக்கும். குளிர்ந்த காற்று கனம். அது அப்படியே கீழே இறங்கும். திண்ணையில் ஒரு அண்டா தண்ணீரைக் கவிழ்த்தால் என்ன ஆகும்? விழுந்த இடத்திலிருந்து நாலா பக்கமும் தெறித்து ஓடும் இல்லையா, அதுதான் டவுன்பர்ஸ்ட். மழைக்கு முன்னால் வந்தது என்று சொன்னீர்களே ஒரு குளிர்ந்த காற்று, அது இந்தத் தெறிப்பின் முன்விளிம்பாக இருக்கலாம்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். மரங்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன? எல்லாம் கிழக்கேயா, விசிறி மாதிரியா, ஒன்றின் மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமா?

படுகைவாழை

கீழே நின்று பார்த்தால் கிழக்கே என்றுதான் தோன்றுகிறது தங்கச்சி. ஆனால் தென்மேற்கு மூலையில் ஒரு இருபது மரம் ஏட்டிக்குப் போட்டியாகக் கிடக்கிறது. சில மரம் கட்டையோடு பிடுங்கி, சில மரம் இடுப்பளவில் ஒடிந்து. தோப்புக்குள் நடக்கவே வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்து வெட்டி ஒதுக்கப் போகிறேன், பக்கக்கன்றாவது பிழைக்கட்டும்.

எதிரொலி

ஞாயிறு வரை ஒரு மரத்தையும் தொடாதீர்கள் அண்ணே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த மரங்கள்தான் சாட்சி.

இந்த வித்தையின் மூலவர் தெட்சுயா புஜிதா, ஜப்பானியர். டொர்னாடோவின் வலிமையை எஃப் 0 முதல் எஃப் 5 வரை என்று 1971-ல் அளவுகோல் போட்டவர். 1945-ல் நாகசாகி அணுகுண்டுச் சேதத்தைப் பார்க்கப் போனபோது, குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழிருந்து மரங்கள் நட்சத்திரக் கதிர் மாதிரி வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்ததைக் கண்டவர். பிறகு அமெரிக்கா போய் 1974 ஏப்ரலில் ஒரே நாளில் 148 டொர்னாடோ அடித்த கூட்டத் தாக்குதலின் சேதத்தைச் சிறு விமானத்தில் பறந்து பறந்து படமெடுத்தார். சில காடுகளில் சுழன்ற தடம் இல்லை, அதே நட்சத்திரக் கதிர். மேலிருந்து காற்று குத்தி இறங்கியிருக்கிறது என்றார். பலர் நம்பவில்லை. 1975-ல் நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் இறங்க வந்த விமானம் விழுந்து நூற்றுக்கு மேல் இறந்தபோது, காரணம் இதே கீழ்க்காற்று என்று காட்டினார். 1978-ல் சிகாகோ பக்கத்தில் காற்றின் வேகத்தையும் அளக்கிற டாப்ளர் ரேடார் மூன்றை வயல்வெளியில் நிறுத்தி நிம்ராட் என்ற கள ஆய்வு நடத்தி அதை நேரடியாகவே பிடித்துக் காட்டினார்கள். இன்று விமானிகளுக்கு இதற்குத் தனிப் பயிற்சியே உண்டு.

அவருக்கு விமானம் தேவைப்பட்டது. நமக்கு ஒரு சின்ன ட்ரோன் போதும். இழையில் ட்ரோன்காரர் யாராவது இருக்கிறீர்களா?

மருந்தடிப்பான் (மன்னார்குடி)

ஆஜர். நெல்லுக்கு மருந்து அடிக்கிற பத்து லிட்டர் ட்ரோன் ஓட்டுகிறேன், உரிமம் இருக்கிறது. தோப்பைப் படமெடுக்க அது வேண்டாம், கேமரா ட்ரோன் ஒன்று தனியாக வைத்திருக்கிறேன்.

அந்த அமெரிக்க வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை. நம் கையில் இருக்கிற நாலு விசிறி ட்ரோன் மணிக்கு 35, 40 கிலோமீட்டர் காற்றுக்கு மேல் நிற்காது. அதற்கு மேல் போனால் திரும்பி வர பேட்டரி இருக்காது, ஏதாவது குளத்தில்தான் தேட வேண்டும். சட்டமும் இருக்கிறது. 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில், அதாவது முன் அனுமதி தேவையில்லாத இடத்தில், 400 அடி வரைதான், அதுவும் கண்ணுக்கெட்டும் தூரத்தில். விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடி. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, சுகோய் போர் விமானம் நிற்கிற இடம், விளையாட்டு இல்லை. அரசின் ட்ரோன் வரைபடத்தில் மண்டலத்தின் நிறம் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். சனிக்கிழமை காலை வருகிறேன் அண்ணே. டீசல் காசு மட்டும் போதும்.

கீற்று (பேராவூரணி)

எல்லோரும் உற்சாகமாக இருக்கிறீர்கள், கெடுக்க மனசில்லை. ஆனாலும் கேட்கிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வந்தபோது காரைக்கால் ரேடார் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. முன்னறிவிப்பில் குறை சொல்ல மாட்டேன், ஆட்களைக் காப்பாற்றியது. ஆனால் எங்கள் தென்னை? முப்பது வருடத்து மரங்கள். முதலில் வடக்கிலிருந்து அடித்து ஒரு பாதி தெற்கே சாய்ந்தது. நடுவில் ஒரு அமைதி. முடிந்தது என்று விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். பிறகு தெற்கிலிருந்து அடித்தது, மிச்சம் வடக்கே. காலையில் பார்த்தால் பாய் பின்னியது மாதிரி ஒன்றன் மேல் ஒன்று குறுக்காகக் கிடந்தன. சாய்ந்த திசையைப் பார்த்து என்ன அறிவியல் செய்து எனக்கு என்ன ஆகப்போகிறது? மரம் திரும்பி வருமா?

எதிரொலி

அண்ணே, உங்கள் கோபம் நியாயம், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் நீங்கள் அறியாமலே அறிவியல் சொல்லிவிட்டீர்கள். வடக்கிலிருந்து ஒன்று, அமைதி, தெற்கிலிருந்து ஒன்று என்றால் புயலின் கண் உங்கள் தலைக்கு மேலேயே போயிருக்கிறது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறி மேற்கே போன பாதையை உங்கள் தென்னைகளே வரைந்து வைத்திருக்கின்றன. அன்றைக்கு யாராவது அதை மேலிருந்து படமெடுத்து ஊர் ஊராகத் திசை குறித்திருந்தால், காற்று எங்கே எப்போது திரும்பியது என்ற வரைபடம் இன்று நம் கையில் இருந்திருக்கும். எந்த வரிசை நட்டால் அடுத்த முறை கொஞ்சம் தப்பும் என்று பேச அதுதான் அடிப்படை.

இனி படுகைவாழை அண்ணனின் இரண்டாவது கேள்வி. ரேடார் கற்றை நேர்கோட்டில் போகிறது, பூமியோ வளைந்திருக்கிறது. கற்றையைத் தரையோடு ஒட்டி விடவும் முடியாது, அரை டிகிரியாவது தூக்கி விட வேண்டும். காரைக்காலிலிருந்து திருவையாறு நேர்த்தூரம் 80 கிலோமீட்டர் போல. அங்கே வரும்போது கற்றையின் நடு தரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். ஒரு டிகிரி அகலக் கற்றை அந்தத் தூரத்தில் 1.4 கிலோமீட்டர் பரந்து போயிருக்கும். திருச்சி என்றால் உயரம் இரண்டு கிலோமீட்டர். அதற்குக் கீழே உங்கள் வாழைக்கும் கற்றைக்கும் நடுவில் நடப்பதை அது பார்ப்பதே இல்லை. மேகம் பெரியது, மழை பலம் என்று சொல்லும், உங்கள் கொட்டகைத் தகரம் பறப்பதைச் சொல்லாது. இணையத்தில் வரும் படம் புதிதாகச் சுமார் பத்து நிமிடம் ஆகும். உங்கள் காற்று வந்து போனதே ஏழெட்டு நிமிடம்.

இதனால்தான் அமெரிக்கர்கள் ரேடாரை லாரியில் ஏற்றினார்கள். ஜோஷ் வுர்மன் குழு 1995-ல் முதல் சக்கர டாப்ளரை உருட்டிக்கொண்டு போனது. 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் ஒரு டொர்னாடோவுக்குள் மணிக்கு 480 கிலோமீட்டருக்கு மேல் காற்று என்று அளந்தார்கள். ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் ரேக்ஸ்போல் என்ற லாரி ரேடார் இரண்டு நொடிக்கு ஒரு முழுச் சுற்று சுற்றும். காரைக்காலில் இருப்பது பத்து சென்டிமீட்டர் அலைநீளம், பெரிய தட்டு, மழையைத் துளைத்து வெகுதூரம் போகும். லாரியில் இருப்பவை பெரும்பாலும் மூன்று சென்டிமீட்டர், சின்னத் தட்டு, கிட்டத்தில் நுணுக்கமாகத் தெரியும், கனமழையில் மங்கிவிடும். காரைக்காலை மட்டம் தட்டவில்லை, அது புயலுக்காக வைத்தது, அந்த வேலையை நன்றாகவே செய்கிறது.

ராப்பாடி

சரி, ட்ரோனை நேரே அந்தச் சுழலுக்குள்ளேயே விட்டால் என்ன? போனால் ஒரு ட்ரோன்.

எதிரொலி

விட்டவர்கள் இருக்கிறார்கள். படம் எடுக்க மட்டும் என்றால் தள்ளி நின்றே எடுக்கலாம். 2022 ஏப்ரலில் கன்சாஸ் மாநிலத்து ஆண்டோவரில் வீடுகளின் கூரை பிய்வதை ட்ரோன் பக்கவாட்டிலிருந்து எடுத்தது உலகம் முழுக்க ஓடியது. ஆனால் ஆராய்ச்சிக்காரர்கள் தேடுவது சுழலுக்குள் இல்லை, சுழலுக்கு வெளியே.

டோரஸ் என்று ஒரு கள ஆய்வு, நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்து ஆடம் ஹூஸ்டன் தலைமை, 2019-லும் 2022-லும் நடந்தது. ஐம்பதுக்கு மேல் ஆட்கள், நாலு ட்ரோன், லாரி ரேடார்கள், வானிலைப் பலூன்கள், மேலே பி-3 என்ற ஆராய்ச்சி விமானம் ஒன்று. ட்ரோன் என்றால் நம் நாலு விசிறி இல்லை, இறக்கை வைத்த குட்டி விமானம். அதைச் சூப்பர்செல் என்கிற சுழலும் பெரிய இடிமேகத்தின் ஓரத்தில், மழையால் குளிர்ந்த காற்றும் வெளியிலிருந்து வரும் சூடான ஈரக்காற்றும் முட்டும் எல்லைக்கு அனுப்புவார்கள். வெப்பம், ஈரம், அழுத்தம், காற்று நாலையும் அது அளக்கும். கீழே ஒரு கார் கண்ணில் வைத்தபடி பின்னாலேயே ஓடும். கேள்வி இதுதான்: பார்க்க ஒரே மாதிரி இரண்டு இடிமேகம், ஒன்றில் டொர்னாடோ வருகிறது, மற்றதில் வரவில்லை, ஏன்? அதற்கு விடை தெரியாததால்தான் அங்கே கொடுக்கிற டொர்னாடோ எச்சரிக்கையில் நான்கில் மூன்று போலப் பொய்த்துப் போகிறது. தரைக்கு மேல் முதல் இரண்டு கிலோமீட்டரில் பலூன் ஒரு கோடு மட்டும் போடும். ரேடார் தூரத்திலிருந்து பார்க்கும். அந்த இடைவெளியில் ஓடி அளக்கத்தான் ட்ரோன்.

நெருங்கிப் போவதன் விலையும் தெரிந்ததே. 2013 மே 31, ஓக்லஹோமாவின் எல் ரெனோ. டொர்னாடோ 4.2 கிலோமீட்டர் அகலத்துக்கு ஊதிக்கொண்டது, திசையும் திடீரென்று மாறியது. டிம் சமாரஸ் என்ற அனுபவசாலி, அவர் மகன், கூட்டாளி மூன்று பேரும் காரோடு சிக்கி இறந்துபோனார்கள். வருடக்கணக்கில் டொர்னாடோவின் வழியில் கருவி வைத்து அளந்தவர் அவர். தயவுசெய்து நம்மூர்ப் பிள்ளைகள் யாரும் வீடியோவுக்காக இடிமேகத்துக்கு அடியில் போய் நிற்காதீர்கள். நம் பக்கம் டொர்னாடோவுக்கு முன் மின்னல் ஆளை எடுத்துவிடும்.

கொண்டல்

தங்கச்சி, பலூன் என்றதும் ஞாபகம் வருகிறது. காரைக்காலில் விடிகாலை ஐந்தரைக்கும் சாயங்காலம் ஐந்தரைக்கும் வெள்ளைப் பலூன் விடுவார்களே, அதுவா?

எதிரொலி

அதேதான் ஐயா. இந்திய நேரம் ஐந்தரை, உலக நேரக் கணக்கில் 0, 12 மணி. உலகம் முழுக்க ஒரே சமயத்தில் விடுகிறார்கள். படுகைவாழை அண்ணனின் காற்று நாலரைக்கு. பலூன் கிளம்பியபோது எல்லாம் முடிந்திருக்கும்.

படுகைவாழை

சனிக்கிழமை நடந்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்.

மன்னார்குடித் தம்பி ஆறரைக்கெல்லாம் வந்துவிட்டார். வரைபடத்தில் பச்சை பார்த்து, 150 அடியில் நிறுத்தி, வரிசை வரிசையாக ஏர் ஓட்டுவது மாதிரி ட்ரோனை ஓட்டினார். ஒரு படத்தின் பாதி அடுத்த படத்தில் வரும்படி எடுத்தால் மடிக்கணினி ஒட்டிக் கொடுக்குமாம். இருபது நிமிட வேலை. சத்தம் கேட்டு கொக்கெல்லாம் கிளம்பிப் போயிற்று.

மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து அக்கா மகன் ஒவ்வொரு மரத்துக்கும் கட்டையிலிருந்து குருத்துப் பக்கம் சிவப்பு அம்பு போட்டான். ஆயிரத்துச் சொச்சம் மரத்தில் எழுநூறு அம்பு வரை போட்டு, கண் எரிகிறது மாமா என்று படுத்துவிட்டான். அது போதுமாக இருந்தது. கீழே நின்றபோது எல்லாம் கிழக்கே என்று நினைத்தேனே, அது பொய். மேற்கு வரப்புப் பக்கம் ஒரு இடம், அங்கிருந்து வடக்கோரத்து மரங்கள் வடகிழக்கே, நடு மரங்கள் நேர் கிழக்கே, தெற்கோரம் தென்கிழக்கே. விரித்த விசிறி. விசிறியின் காம்பு இருக்கிற இடத்தில் மரங்கள் சாயவே இல்லை, இலை மட்டும் சீப்பு வாரின மாதிரி நார் நாராகத் தொங்குகிறது. பங்காளி தோப்பு அந்தக் காம்புக்கும் மேற்கே. சூனியக் கணக்கு தீர்ந்தது, ராப்பாடி.

எதிரொலி

படம் பார்த்தேன். கை நடுங்கியது. பாடப்புத்தகத்தில் பார்த்த அதே விசிறி, பூவன் வாழையில்! என் கணிப்பில் இது டவுன்பர்ஸ்ட், மேகம் கிழக்கே நகர்ந்துகொண்டே கொட்டியதால் விசிறி கிழக்குப் பக்கம் நீண்டிருக்கிறது. டொர்னாடோ என்றால் சாய்வு ஒரு கோட்டை நோக்கி உள்ளே குவிந்திருக்கும், சேதமும் ஒடுங்கின நீளத் தடமாக ஊர் தாண்டிப் போயிருக்கும். நான் அன்றைக்குச் சேமித்து வைத்த ரேடார் படத்திலும் உங்கள் ஊருக்கு மேல் பலத்த எதிரொலி இருக்கிறது, ஆனால் வேகப் படத்தில் ரேடாரை விட்டு விலகும் காற்றின் சிவப்பும் அதை நெருங்கும் காற்றின் பச்சையும் ஒட்டிக்கொண்டு நிற்கிற சுழல் அடையாளம் இல்லை. அது மேலே ஒரு கிலோமீட்டர் உயரத்துக் கதைதான், ஆனாலும்.

தென்மேற்கு மூலை இருபது மரம்தான் உறுத்துகிறது. அவை மேற்கே பார்த்துக் கிடக்கின்றன.

மருந்தடிப்பான்

அங்கே செங்கல் மோட்டார் கொட்டகையும் ஒரு பழைய புளியமரமும் இருக்கிறது அக்கா. காற்று சுவரில் முட்டித் திரும்பியிருக்கும். மருந்து அடிக்கும்போது கொட்டகை ஓரத்தில் ட்ரோன் இப்படித்தான் பின்னால் உதறும்.

எதிரொலி

இருக்கலாம். தெறித்து ஓடும் காற்றின் முன்விளிம்பில் சில நேரம் ஒரு குட்டிச் சுழல் எழும்பி அடங்கும், அதுவாகவும் இருக்கலாம். இருபது மரத்தை வைத்து நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

கீற்று

படம் பார்த்தேன். நேற்று சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை, ஆனால் ஒன்று கேட்கிறேன். எங்கள் தோப்பில் கஜாவில் சாய்ந்த தென்னைகளின் அடிக்கட்டை சிலது இன்னும் பிடுங்காமல் கிடக்கிறது. வேர் எந்தப் பக்கம் பெயர்ந்தது என்று இப்போதும் தெரியும். பிரயோசனம் உண்டா?

எதிரொலி

உண்டு அண்ணே, நிச்சயம் உண்டு. பிடுங்கும்முன் கைபேசியில் திசைகாட்டி வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

படுகைவாழை

ஞாயிற்றுக்கிழமை வெட்டி முடித்தாயிற்று. ஒடியாத தார் கொஞ்சம் பாதி விலைக்குப் போனது, கிழியாத இலை நூறு கட்டுக்கூடத் தேறவில்லை. கன்றுக்கு மண் அணைத்தாயிற்று.

மருந்தடிப்பான்

நேற்று ராத்திரி வடுவூர்ப் பக்கம் ஒரு காற்று அடித்து வாழையும் இரண்டு மின்கம்பமும் போயிருக்கிறதாம். மரத்தை வெட்ட வேண்டாம் என்று தோப்புக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன், பைத்தியமா என்று கேட்டார். காலையில் போகிறேன்.

எதிரொலி

போனதும் முதலில் கடிகாரக் கணக்கு கேளுங்கள் தம்பி. காற்று முதலா மழை முதலா, மின்சாரம் எத்தனை மணிக்குப் போனது. ரேடார் படத்தை நான் எடுத்து வைத்துவிட்டேன்.